சாப்பாட்டுக் கூடாரம்

கணவாயின் உச்சியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. சுமைக்காரர்கள் நின்று, ஆளுக்கொரு நீலப் பிளாஸ்டிக் தாளை எடுத்து மூட்டையின்மேல் போர்த்திக் கட்டினார்கள். நனையக்கூடாதது மூட்டைதான், சுமப்பவன் நனைந்தால் காய்ந்துவிடுவான். பசிலியா மட்டும் தன் தாளைத் தம்பி லூசியோவின் தலைமேல் போட்டாள். முந்தின நாளிலிருந்தே அவனுக்குக் காய்ச்சல். ஏறும்போது இருமிக்கொண்டே வந்தவன், இறக்கத்தில் இருமக்கூடத் தெம்பில்லாமல் கல்படிகளில் ஒவ்வொரு காலாகத் தேடி வைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகில் இருந்தது வெளிநாட்டு விருந்தாளிகளின் கக்கூஸ்.

மடக்கு இருக்கை, வாளி, சின்னக் கூடாரம் எல்லாம் சேர்ந்த மூட்டை அது. முதல் நாளிலிருந்து காசிமிரோ அதை வைத்துத்தான் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். இங்கா ராஜாவின் சிம்மாசனம் போகிறது, வழி விடுங்கள் என்று முன்னால் ஓடிக் கத்துவான். லூசியோவும் சிரிப்பான். இன்று அவன் சிரிக்கவில்லை. காசிமிரோவும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சிம்மாசனம் மலையேறியதற்கு ஒரு கதை உண்டு. பாதை தொடங்கும் இடத்தில் எடை போட்டபோது சுமை அளவுக்கு மேல் போயிற்று. எதையாவது இறக்கியாக வேண்டும். வழிகாட்டி எதில்பெர்த்தோ மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, சுமைக்காரர்கள் படுக்கும் கூடாரத்தைத் திரும்ப வேனில் ஏற்றச் சொன்னான். சாப்பாட்டுக் கூடாரம்தான் பெரிதாக இருக்கிறதே, விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்ததும் அதில் படுத்துக்கொள்ளலாம், நமக்குள் என்ன என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. மேலும், பசிலியா பேச முடியாது. எதில்பெர்த்தோ அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் பிள்ளையைத் தாங்கியவன் சொந்த அண்ணன் தம்பிக்கும் மேல். அவள் அவனைக் கும்பாத்ரே என்பாள், அவன் அவளைக் கும்மாத்ரே என்பான். அந்த உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் குரல் உயர்த்திப் பேசினால் ஊரே முகம் சுளிக்கும். இந்த வேலையை அவளுக்கு வாங்கித் தந்ததும் அவன்தான். பெண்களும் சுமக்கிறார்கள் என்று சுற்றுலாக் கம்பெனி படம் பிடித்துப் போட ஆள் தேடியபோது, அவன் அவள் பெயரைச் சொன்னான்.

பள்ளத்தாக்கின் முகாமுக்கு மற்றவர்கள் முன்னால் போய்க் கூடாரங்களை அடித்திருந்தார்கள். விருந்தாளிகள் எட்டுப் பேரும் நனைந்து, களைத்து, ஆனால் பெரிய குஷியோடு வந்து சேர்ந்தார்கள். பாதையிலேயே உயரமான இடத்தைத் தாண்டிவிட்ட குஷி. வழியில் கண்ட சுமைக்காரர்களை எல்லாம் "வாய்க்கி, வாய்க்கி" என்று கூப்பிட்டார்கள். எதில்பெர்த்தோ கற்றுக் கொடுத்தது, மலை ஜனங்கள் பேசும் கெச்சுவா மொழிச் சொல். சகோதரா என்று அர்த்தம். ஆணை ஆண் கூப்பிடும் சொல் அது. அதை அவன் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. பசிலியாவையும் அவர்கள் வாய்க்கி என்றே கூப்பிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து ஆண்கள் அவளைத் தம்பி என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள்.

மழை நிற்கவில்லை. அன்று விருந்தாளிகளில் ஒருவருக்குப் பிறந்த நாள். தாடி வைத்த, சத்தமாகச் சிரிக்கும் ஒரு பெரிய உடம்புக்காரர். சமையல் மாஸ்டர் மார்செலினோ ஈரக் காற்றில் அடுப்போடு போராடி ஒரு கேக் செய்திருந்தார். சூப், ட்ரவுட் மீன், சோறு, கடைசியில் கேக். எல்லாம் முடிந்து தட்டுகள் திரும்பி வந்தன. சுமைக்காரர்கள் சமையல் கூடாரத்தில் கவிழ்த்துப் போட்ட பானைகள்மேல் குந்தியிருந்தார்கள். தரையில் தண்ணீர் ஓடியது. கேஸ் மிச்சம் பிடிக்க அடுப்பை அணைத்தாயிற்று. இனி விருந்தாளிகள் எழுந்து போக வேண்டியதுதான். நேற்று இந்த நேரத்துக்கு அவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று சீட்டுக்கட்டை எடுத்தார்கள்.

துணிச் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பசிலியா லூசியோவைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நனைந்த சட்டைக்குள் அவன் உடம்பு கொதித்தது, பற்கள் கிட்டித்துக்கொண்டன. இருமித் துப்பியதைப் பார்த்தாள். துருப்பிடித்த தகரத்தின் நிறம். அவள் அப்பாவும் கடைசி வாரத்தில் இப்படித்தான் துப்பினார். அவர் நனைந்த தரையில் கிடந்தார். இவனையும் அப்படிக் கிடக்க விடுவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விருந்தாளிகளை எழுந்திருக்கச் சொல்லும்படி மாஸ்டர் மூலம் வழிகாட்டிக்குச் சொல்லி அனுப்பினாள். எதில்பெர்த்தோ சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டி, ஐந்து விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனான். ஐந்து நிமிடம் போயிற்று. அதுபோலப் பல ஐந்து நிமிடங்கள் போயின. மறுபடி சொல்லி அனுப்பியதும் அவனே வந்தான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட, குனிந்து நின்று, அன்பாகவே பேசினான். விருந்தாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்கள். இந்த மாதிரி ராத்திரியைத்தான் ஊருக்குப் போய் எழுதுவார்கள். அதைப் பார்த்துத்தான் கம்பெனி அடுத்த கூட்டத்தை நமக்குத் தரும். எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வது?

அங்கேதான் நாங்கள் படுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டு நாளாக மலையையும் பூவையும் கல்லையும் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டு வருபவன், இதைச் சொல்லியிருக்கவில்லை.

"சரி. உங்க கூடாரத்துல இவனைப் படுக்க வைக்கிறேன், கும்பாத்ரே," என்றாள் பசிலியா. "நீங்களும் உங்க உதவிக் கைடும் அதுல ரெண்டு பேர்தானே. ஒரு ஓரம் போதும்."

எதில்பெர்த்தோ லூசியோவைப் பார்த்தான். அரை அடி பின்னால் நகர்ந்தான்.

"எனக்குத் தொத்திக்கிச்சுன்னா நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போறது, கும்மாத்ரே? யோசிச்சுப் பாருங்க. கொஞ்சம் பொறுங்க."

அவன் போய்விட்டான். கம்பெனிமேல் பசிலியாவுக்குக் கோபம் இருந்ததில்லை. கம்பெனி எங்கோ நகரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டாடுகிறவர்கள்மேலும் இல்லை. இவன் அந்த அரை அடி பின்னால் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. லூசியோவின் முதல் தலைமுடியை வெட்டிய சடங்கில் குடித்துக் கூத்தாடியவன். எதில்பெர்த்தோவின் தாய் வீட்டிலிருந்து இவர்கள் வீட்டுப் புகை தெரியும்.

தம்பியைக் காசிமிரோவின் தோளில் சாய்த்துவிட்டு எழுந்தாள். சாப்பாட்டுக் கூடாரத்தின் துணியை விலக்கி உள்ளே போனாள்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. எட்டுப் பேரின் மூச்சும் விளக்கும் சேர்ந்து உண்டாக்கிய சூடு. அந்தச் சூடு முகத்தில் பட்டதும் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வாய்க்கி என்றார் தாடிக்காரர். அவள் கெச்சுவாவில்தான் பேசினாள். ஸ்பானிஷில் அவளுக்குச் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான அளவு தெரியும். கோபத்துக்கு அது போதாது.

"என் தம்பிக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. நீங்க உக்காந்திருக்கிற இடம்தான் நாங்க படுக்கிற இடம். வெளியில தண்ணியில குந்திக்கிட்டு உங்க ஆட்டம் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்கோம். எந்திரிச்சுப் போங்க."

எதில்பெர்த்தோ சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னான். நீளமாகவே சொன்னான். சொல்லி முடித்ததும் எட்டுப் பேரும் கைதட்டினார்கள். தாடிக்காரர் எழுந்து, ஒரு துண்டு கேக்கை வெட்டி, காகிதக் கைக்குட்டையில் வைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று பசிலியா கேட்டாள்.

"பிறந்த நாள் வாழ்த்து சொல்ல வந்திருக்கீங்கன்னு சொன்னேன்." சிரிப்பு மாறாமலே அவன் கெச்சுவாவில் பதில் சொன்னான். "வாங்கிக்கிட்டுப் போங்க, கும்மாத்ரே. நல்லபடியா போங்க."

அவள் கேக்கோடு மழைக்குள் வந்தாள். சமையல் கூடாரத்தில் எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"பேச்சுவார்த்தையில நம்ம வாய்க்கித் தம்பிக்குக் கேக்கு கிடைச்சிருக்கு," என்றான் காசிமிரோ. யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

பசிலியா கேக்கைச் சகதியில் வீசவில்லை. மாஸ்டர் பாடுபட்டுச் செய்தது. பானைமேல் வைத்தாள். பிறகு மூட்டையிலிருந்து தன் கம்பளியையும் தம்பியின் கம்பளியையும் உருவினாள். பிளாஸ்டிக் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு லூசியோவை எழுப்பினாள்.

எங்கே போகிறாய் என்று மாஸ்டர் கேட்டார். படுக்க என்றாள். இதோடு உனக்கு இந்தப் பாதையில் வேலை கிடைக்காது, தெரியும் இல்லையா என்று அவர் சொன்னார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். பல பேர் இப்படிப் போனதை அவர் பார்த்திருக்கிறார். அவள் தெரியும் என்றாள்.

"அக்கா, வேணாம்," என்றான் லூசியோ. "நான் உக்காந்துக்கறேன்."

"வாய மூடிட்டு நட."

இந்த முறை அவள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் போய், ஓரத்தில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைப் பெண்மணியின் தோளைத் தொட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினாள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் எழுந்தாள். நாற்காலியை மடக்கி ஒதுக்கிவிட்டு, பசிலியா மேசைக்கும் துணிச் சுவருக்கும் நடுவில் தாளை விரித்தாள். கம்பளியைப் போட்டு, தம்பியின் ஈரச் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தாள். அவன் இருமினான். ஆட்டம் நின்றது.

துணி மறுபடி விலகியது. காசிமிரோ கம்பளியோடு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் மேசைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் படுத்து, தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக மாஸ்டர். விருந்தாளிகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். கால் வைக்க இடமில்லை. ஈரக் கம்பளி நாற்றமும் வியர்வை நாற்றமும் கூடாரத்தை நிறைத்தன.

எதில்பெர்த்தோ வேகமாகப் பேசத் தொடங்கினான். கையை வீசி, சிரித்து, ஏதோ விளக்கினான். பசிலியாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'இங்கா' என்ற சொல் அவளுக்குத் தெரியும். 'டிரெடிஷன்' என்ற சொல்லையும் அவன் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறாள். இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. இதையும் பழைய வழக்கமாக்கிவிட்டான். இங்கா காலத்திலிருந்தே சுமைக்காரர்கள் விருந்தாளியின் காலடியில் படுப்பார்கள் என்றோ என்னவோ. ஒரு பெண் 'ஓ' என்று கேமராவை எடுத்தாள்.

"பொய்," என்றாள் பசிலியா, ஸ்பானிஷில். சந்தையில் எடை குறைத்துப் போடுகிறவனிடம் அவள் தினமும் சொல்லும் சொல். அது அவளுக்குச் சுத்தமாக வரும்.

நரைத்த தலைப் பெண்மணி அவளைப் பார்த்தாள். தட்டுத் தடுமாறிய ஸ்பானிஷில், நீங்கள் எங்கே படுப்பது வழக்கம் என்று கேட்டாள்.

"இங்கே."

நேற்றும் இங்கேயா என்று அந்த அம்மாள் கேட்டாள். நேற்றும் என்றாள் பசிலியா. அந்த அம்மாள் அதை மற்றவர்களுக்குச் சொன்னாள். ஒரே வாக்கியம்தான். எதில்பெர்த்தோ இடையில் ஏதோ சொல்ல வந்தான். தாடிக்காரர் அவனைப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

அவர்கள் எழுந்து போனார்கள். படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி, துணிச் சுவரைப் பிடித்துக்கொண்டு. யாரோ மன்னிப்புக் கேட்டார்கள். யாரோ ஒரு தடித்த கோட்டை லூசியோவின்மேல் போட்டுவிட்டுப் போனார்கள். பசிலியா கோட்டை எடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கேட்டால் எழுந்து போகக்கூடிய மனிதர்கள்தான். அது தெரிந்தபோது அவள் கோபம் தணியவில்லை; இரண்டு மடங்காயிற்று. இவ்வளவுதானா? இந்த ஒரு சொல்லைச் சொல்லவா எதில்பெர்த்தோ வாய் திறக்கவில்லை?

எல்லோரும் போன பிறகு எதில்பெர்த்தோ வாசலில் நின்றான். பாதி உடம்பு மழையில். விருந்தாளிகள் முன்னால் வைத்திருந்த முகம் கழன்றிருந்தது.

"என்னை அவமானப்படுத்திட்டீங்க, கும்மாத்ரே. உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்? சொல்லுங்க."

அவள் லூசியோவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளை விடிந்ததும் தம்பியை வந்த வழியே கணவாயைத் தாண்டிக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆளும் குதிரையும் கிடைக்குமா என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மூட்டையைத் தான் எடுத்துக்கொள்வதாகக் காசிமிரோ தொப்பிக்கு அடியிலிருந்து சொன்னான்.

"நாளையோட உங்க வேலை முடிஞ்சுது," என்றான் எதில்பெர்த்தோ. "நான் சொல்லலைன்னாலும் கம்பெனி சொல்லும். புரியுதா?"

பசிலியா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். தன் மகனைத் தாங்கிய கைகள் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த இடைவெளியில் காற்று உள்ளே அடித்தது.

"துணிய மூடிட்டுப் போடா, எதில்பெர்த்தோ. காத்து அடிக்குது."

படுத்திருந்தவர்களில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். எதில்பெர்த்தோ வெளியே போய், குனிந்து, வெளிப்பக்கத்திலிருந்து ஜிப்பைக் கீழ்வரை இழுத்து மூடினான்.