ஏழு மில்லிமீட்டர் போதாது

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. லா சப்பல் கடைத்தெருவில் மட்டன் ரோல்ஸ் வாங்க நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற நிரோஜினி சொன்னது. அவள் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி. முழங்காலில் அறுந்த சவ்வுக்குப் பதிலாக வைக்க, அதே ஆளின் தொடையிலிருந்து எடுக்கும் தசைநாணைத் தைத்து மடித்துத் தயார்ப்படுத்துவது அவள் வேலை. கேட்டு முடிப்பதற்குள் என் ரோல்ஸ் ஆறிப்போனது. அதற்கு நட்டஈடாகக் கதையை எடுத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: “மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல நிரோஜினியின் விரல்கள்…”

நிரோஜினிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

“அண்ணை, விசர்க்கதை கதையாதேங்கோ! எனக்குப் பூக்கட்டவே தெரியாது.”

சரி, வெட்டியாயிற்று.

3

கோசலை (பெயர் நான் வைத்தது) உணவகக் குசினியில் நாளுக்குப் பத்து மணிநேரம் நிற்பவள். பொபினி மைதானத்தில் கரப்பந்து ஆடும்போது வலது முழங்காலில் சவ்வு அறுந்தது. எடுக்கும் தசைநாண் மெல்லியதாக இருந்தால் இடது தொடையைக் கீறி அதிலிருந்தும் எடுக்க நேரிடும் என்று டொக்டர் ஜெர்மேன் முதலே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

மயக்க மருந்துக்கு முன் அவள் நிரோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “பிள்ளை, மற்றக் காலைத் தொட விடாதை. ரெண்டும் ஏலாமப் போனா நான் எப்பிடி அடுப்படியிலை நிக்கிறது?”

“ஓம் அக்கா, பாப்பம்.”

வேறென்னத்தைச் சொல்வாள், பாவம்!

4

(இங்கே டொக்டரைக் கொடியவனாக்க ஆசைப்பட்டு இரண்டு பத்தி எழுதினேன். “அந்தாள் தங்கமான மனுசன்” என்று நிரோஜினி சண்டைக்கு வந்துவிட்டாள். வில்லன் இல்லாமல் சமாளிக்கிறேன்.)

வலது தொடையிலிருந்து எடுத்த இரண்டு தசைநாண்களும் நிரோஜினியின் மேசைக்கு வந்தன. ஒட்டியிருந்த தசையைச் சுரண்டினாள். நுனிகளைத் தைத்தாள். இரண்டையும் இரண்டிரண்டாக மடித்து, அளவுத் துளைகள் உள்ள உலோகக் கட்டைக்குள் விட்டுப் பார்த்தாள். ஏழு மில்லிமீட்டர். குறைந்தது எட்டு வேண்டும்; மெலிந்தது மறுபடி அறுந்துவிடக் கூடும்.

“இடது காலைத் தயார் செய்யுங்கள்” என்றார் டொக்டர்.

 நிரோஜினி தசைநாண்களை அளவுகோலில் இன்னொரு தரம் நீட்டிப் பார்த்தாள். தடிமன்தான் இல்லை, இரண்டில் பெரியது நல்ல நீளம்.

“ஐந்து நிமிடம் தாருங்கள், டொக்டர். பெரியதை மூன்றாக மடிக்கலாம்.”

“நீளம் போதாமல் போகாதா?”

“போகாது. அளந்துவிட்டேன்.”

டொக்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். அவள் பிரித்தாள், மடித்தாள், ஐந்து இழையையும் சேர்த்துத் தைத்து இழுத்துக் கட்டினாள். ஏழரைத் துளைக்குள் அது போகவில்லை. எட்டுக்குள்ளும் போகவில்லை. எட்டரைக்குள் கச்சிதமாகப் போனது.

“பிராவோ!” என்றார் டொக்டர். அடி சக்கை! (இது நான்.) நிரோஜினிக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

5

முடிவாக, கோசலை பொபினியில் மறுபடி துள்ளி அடிப்பதை எழுதிப் பார்த்தேன். அது நடக்கும், ஆனால் இன்னும் மாதங்கள் இருக்கின்றன, பொய் எதற்கு?

நடந்தது இதுதான். மயக்கம் தெளிந்ததும் கோசலையின் கை கட்டுப்போட்ட காலுக்குப் போகவில்லை. போர்வைக்குள் இடது காலைத் தடவியது. அதில் கட்டு இல்லை. நம்பாமல் இன்னொரு தரம் தடவினாள். பிறகு, அழுதபடியே சிரித்தாள்.

“தொடேல்லையோ! ஆர் பிள்ளை காப்பாத்தினது? டொக்டரோ?”

நிரோஜினி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். கொஞ்சம் முன்னால் வாருங்கள், கட்டிலருகே அவள் இடத்தில் நில்லுங்கள். கோசலை உங்கள் முகத்தையே பார்க்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.