பதினான்காம் இடத்துக்காரர்

தெற்கு பிரான்ஸின் ஆர்ஜெலேஸ் கடற்கரையில் நாங்கள் கோடை விடுமுறைக்குப் போகும் முகாமில், கடலைப் பார்த்த முதல் வரிசையில் ஆறு இடங்கள். அதில் ஐந்து, பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஐந்து குடும்பங்களுடையவை. காருக்குப் பின்னால் இழுத்து வரும் கேரவன் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஜூலை முழுக்க, ஆகஸ்ட் இருபது வரை அங்கேதான். ஆறாவதான பதினான்காம் எண் இடத்துக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த ஜெர்மன் தம்பதிக்கு வயதாகிவிட்டது. போன வருஷம் அந்த இடத்தை முகாம் அலுவலகம் ஜில்தாஸ் என்பவருக்குக் கொடுத்தது.

அவர் நாட்டின் வடமேற்கு மூலையிலிருக்கும் பிரெஸ்ட் ஊர்க்காரர். பள்ளி உணவகத்தில் சமையல் வேலை. மனைவி இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறொருவரோடு போய்விட்டாள். மகள் நொல்வெனுக்குப் பதின்மூன்று வயது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காரோட்டி வந்து, உச்சி வெயிலில், யாரிடமோ இரவல் வாங்கிய கூடாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்தக் குச்சி எதில் நுழையும் என்று தெரியாமல் நின்றார். நாங்கள் பைன் மர நிழலில் கையில் கோப்பையோடு அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் என் கணவன் ரெஜிஸ் எழுந்து போனான்.

ரெஜிஸ் லியோனில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுக்கு உத்தரவு போட்டே இருபது வருஷம் ஆகிவிட்டது. கால் மணி நேரத்தில் கூடாரத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டு, தோளில் கை போட்டு அவரை எங்கள் மேஜைக்கு அழைத்து வந்தான்.

"முதல் வரிசைக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆபீஸ்ல சொன்னாங்களா?" என்றான்.

"இல்லையே."

"சொல்ல மாட்டானுங்க. புதுசா வர்ற குடும்பம் முதல் வருஷம் வரிசைக்கே கழிவுப் பெட்டி காலி பண்ணணும். காலையில ஏழு மணிக்கு. அஞ்சு கேரவன், அஞ்சு பெட்டி. நாங்க எல்லாரும் பண்ணினவங்கதான். இல்லையா லுசியேன்?"

லுசியேன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பொய் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. "நான் ரெண்டு வருஷம் பண்ணினேன். அப்ப வேற புது ஆளே வரல" என்றார்.

கேரவன் கழிப்பறைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத்தான் சொன்னார்கள். ஜில்தாஸ் கூடாரக்காரர், அவரிடம் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. பொதுக் கழிப்பறைக்குத்தான் அவர் போக வேண்டும். ஆனாலும் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரி, வழக்கம்னா செஞ்சுடறேன்" என்றார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் தள்ளுவண்டியோடு வந்தார். ஐந்து பெட்டிகளையும் அடுக்கி, கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டி, கழுவி, மருந்து ஊற்றி, அவரவர் கேரவனில் திரும்ப மாட்டினார். ரெஜிஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கைபேசியில் படம் பிடித்தான். அதற்கப்புறம் வழக்கங்கள் கூடிக்கொண்டே போயின. ரொட்டி வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்பது. ஐஸ் கட்டி வாங்கி வருவது. வடமேற்குக் காற்று அடித்தால் எல்லாருடைய பந்தல் கயிற்றையும் இறுக்குவது. எதைச் சொன்னாலும் செய்தார்.

பதிலுக்கு மாலை ஆறு மணிக்கு எங்கள் மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. "ஜில்தாஸ், வாப்பா" என்று ரெஜிஸ் கூப்பிட்டால் தலையைச் சீவிக்கொண்டு, சுத்தமான சட்டை மாற்றி வருவார். இரும்புக் குண்டு ஆட்டத்தில் எங்களையெல்லாம் தோற்கடித்தார். ஒரு நாள் ஒரு வாளி மட்டிச் சிப்பி வாங்கி வெங்காயமும் வெள்ளை ஒயினும் போட்டு வேகவைத்துக் கொடுத்தார். அந்த ருசியில் மட்டியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. அப்போதும் லுசியேன், "கை கழுவினியாய்யா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நொல்வென் சிரிக்கவில்லை. எங்கள் மகள் கிளெமான்ஸுக்குப் பதினைந்து வயது. வரிசையிலிருந்த நான்கைந்து பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவர்கள் நொல்வெனுக்கு முதல் வாரமே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கடலில் இறங்கினால் "ஐயோ, தண்ணி கலங்குது" என்று கரையேறுவார்கள். நான் ஒரு முறை கிளெமான்ஸைக் கண்டித்தேன். "அப்பா பண்றதைத்தானே நாங்களும் பண்றோம்" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு மதியம், இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் அரளிச் செடி ஓரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நொல்வென் அழுகிற குரல் கேட்டது.

"அப்படி ஒரு வழக்கமே கிடையாதுப்பா. அவங்க உன்னைக் கேலி பண்றாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"மறுநாளே ஆபீஸ்ல கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டா."

"அப்புறம் ஏம்ப்பா போற?"

"உங்கம்மா போனதுலேர்ந்து சாயங்காலம் வான்னு என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. இவங்க கூப்பிடறாங்க. அஞ்சு பெட்டி, முக்கால் மணி நேர வேலை. கையைக் கழுவினா போச்சு. இதையும் விட்டா நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அது உனக்குப் போரடிக்கும்."

"எனக்கு அவமானமா இருக்கு."

"இன்னும் ரெண்டு வாரம்தானே. பொறுத்துக்கோ."

ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கேட்டதை என்னோடு வைத்திருக்கலாம். வைத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அன்று சாப்பாட்டுக்குப் பின் கேரவனில் படுத்திருந்தபோது, பேச வேறு எதுவும் இல்லாததால் ரெஜிஸிடம் சொல்லிவிட்டேன். அவன் வருத்தப்படுவான், நிறுத்திக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன் என்று இப்போது சொல்லலாம். உண்மையில் எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ரெஜிஸ் எழுந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் கோபம் தெரிந்தது.

"தெரிஞ்சே செய்யறானா? அப்ப இத்தனை நாளா நம்மளைப் பாத்து அவன்தான் சிரிச்சுட்டிருந்திருக்கான்."

"அப்படி இல்ல, ரெஜிஸ். பாவம், தனியா இருக்காரு."

"எது வரைக்கும் செய்வான்னு பாத்துடலாம்."

ஆகஸ்ட் பதினைந்து எங்கள் வரிசை விருந்து. மேஜைகளை ஒட்டிப் போட்டு ஐந்து குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவோம். பொழுது சாய்வதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். அன்று மத்தி மீன் சுட்டிருந்தோம். பெண்பிள்ளைகள் தனி மேஜையில் இருந்தார்கள். நொல்வென் அப்பாவுக்குப் பக்கத்தில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ரெஜிஸ் கரண்டியால் கோப்பையைத் தட்டி எழுந்தான். ஜில்தாஸ் வரிசைக்குச் செய்த சேவையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினான். எல்லாம் தெரிந்தே செய்த சேவை என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னான். பிறகு லுசியேன் ஒரு துணியை விலக்கினார். பழைய கழிவுப் பெட்டி ஒன்றின் மூடி. தங்க நிறம் பூசி, பதக்கம் மாதிரி மூவர்ண நாடாவில் கோத்திருந்தார்கள். மேஜையே குலுங்கச் சிரித்தது. ஜில்தாஸ் கைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பிடித்து நிறுத்த அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் போட்டா நல்லா இருக்காது. மகளே போடட்டும்" என்று ரெஜிஸ் மூடியை நொல்வெனிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. அப்போது அடுத்த மேஜையிலிருந்து கிளெமான்ஸ் தன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். "போட்டுட்டு இங்க வா, நொல்வென். உனக்கு இடம் வச்சிருக்கேன்" என்றாள். ஐந்து வாரத்தில் என் மகள் அந்தப் பெண்ணை அவள் சொந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

நொல்வென் நாற்காலியைப் பார்த்தாள். எழுந்தாள். மூடியை வாங்கி, அப்பாவுக்கு முன்னால் போய் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டாள்.

"முதல் வரிசையின் பீ மகாராஜாவுக்கு" என்று சத்தமாகச் சொல்லி நாடாவை அவர் கழுத்தில் மாட்டினாள். "இவர் வேற எதுக்கும் லாயக்கில்லைன்னு எங்கம்மா எப்பவோ சொல்லிட்டாங்க."

அன்றைய விருந்தில் அதற்குத்தான் பெரிய சிரிப்பு. ரெஜிஸ் மேஜையைத் தட்டினான். லுசியேனுக்குப் புரையேறியது. நொல்வென் திரும்பிப் பார்க்காமல் போய்க் கிளெமான்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜில்தாஸின் புன்னகை அப்படியே இருந்தது. எடுக்க மறந்துபோன மாதிரி. சாப்பாடு முடிகிறவரை அந்த மூடியைக் கழுத்திலேயே போட்டிருந்தார். இரண்டாவது மீனை நான் வைத்தபோது, "போதும், நன்றி" என்றார்.

மறுநாள் ஏழு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஐந்து பெட்டிகளையும் காலிசெய்து மாட்டிவிட்டுப் போனார். மாலையில் ரெஜிஸ் கூப்பிட்டபோது மட்டும், "இன்னிக்கு வேண்டாம்" என்றார். அதற்கடுத்த நாளும் அதே பதில்தான். நொல்வென் எங்கள் மேஜையில் சாப்பிட்டாள், கிளெமான்ஸின் துண்டில் படுத்தாள், மற்ற பெண்களோடு பாறைத் திட்டு வரை நீந்தினாள். முழுசாக இரண்டு நாள்.

மூன்றாம் நாள் பெண்கள் அவளிடம் சொல்லாமல் டவுனுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் வேலியோரம் காத்திருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

"ஏன் அவளைச் சேத்துக்கல?" என்று கிளெமான்ஸிடம் கேட்டேன்.

"பெத்த அப்பாவையே அப்படிப் பேசினவம்மா அவ. நாளைக்கு என்னைச் சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து கழுவினேன்.

நொல்வென் தங்கள் கூடாரத்துக்குத் திரும்பிப் போனாள். ஜில்தாஸ் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய தட்டை எடுத்து வைத்து, உருளைக்கிழங்கைப் போட்டு, உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

கிளம்புகிற அன்று அவர் வரிசையிலிருந்த எல்லோரிடமும் கை கொடுத்து விடைபெற்றார். ரெஜிஸிடமும்தான். ரெஜிஸ், "அடுத்த வருஷம் வருவல்ல? அடுத்த வருஷம் நீ பழைய ஆளு" என்றான். "பாக்கலாம்" என்றார்.

கடைசியாக என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அன்னிக்கு அரளிச் செடிக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னது எனக்குத் தெரியும், மதாம். உங்க கால் தெரிஞ்சுது."

"நான் வேணும்னு..."

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. என் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

காரின் முன்கதவைத் திறந்து மகளுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். நொல்வென் அதைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்து, கூடாரப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். அவர் முன்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிப் போய் ஏறி, வண்டியை எடுத்தார். அவர்கள் அப்படியே உட்கார்ந்து பிரெஸ்ட் வரை போக வேண்டும்.