அலமாரியில் ஒளித்த மின்பெட்டி

எல்மரைக் கடைக்கு அழைத்துப் போகவே கூடாது. பல்பு வாங்கப் போன இடத்தில் ஜெனரேட்டருக்கு விலை கேட்கிற ஆள் என் கணவன். அன்றைக்கும் பக்கத்து நகரமான துமகெத்தேயில் மின்சாமான் கடைக்குள் நுழைந்ததும், இருப்பதிலேயே பெரிய பவர் ஸ்டேஷனுக்கு, அதாவது சார்ஜ் ஏற்றிவைக்கும் மின்பெட்டிக்கு, பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"லாங்கா, இத பாரேன்" என்றான். ஏதாவது வேண்டும் என்றால்தான் அவன் வாயில் அந்தச் செல்லப்பெயர் வரும். "சோறாக்கலாம், ஃபேன் போடலாம், ஃப்ரிட்ஜே ஓடும். வலென்சியா மலைக்குக் கேம்ப் போனா விடிய விடிய மைக்கப் பிடிச்சு வீடியோகே பாடலாம்."

"மலையில இருக்குற குருவிங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, எது பெருசு எது சிறுசுன்னு பாக்காதீங்க. என்னென்ன மாட்டப்போறீங்க, அத சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெளிவாகத் தெரியும். லேப்டாப், மோடம், ஒரு விளக்கு. வீட்டிலிருந்தபடியே நான் ஜப்பான்காரர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருகிறேன். மாதத்தில் மூன்று வகுப்பு தவறினால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும். நீதான் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறாயே, இன்னும் எங்கே அனுப்புவார்கள் என்பது எல்மரின் பழைய நகைச்சுவை. அந்த மாதம் கரண்ட் போனதில் எனக்கு இரண்டு வகுப்பு தவறியிருந்தது. போதாக்குறைக்கு என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வருடக்கணக்காகிறது. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே திரை கறுத்துவிடும்.

எல்மர் பெரிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். இடுப்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முகம்தான் சிவந்ததே தவிர பெட்டி ஏறவில்லை.

"வெயிட்டெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான்.

"அப்ப இறக்கி வச்சிட்டு அதையே சொல்லு."

நான் சின்னதைத் தூக்கினேன். பத்து லிட்டர் தண்ணீர் கேனைவிடக் குறைவான கனம், மேலே வாகான கைப்பிடி. "ரெண்டுலயும் ஒரே மாதிரி பேட்டரிதான்க்கா, பத்து வருஷம் தாங்கும்" என்றாள் அந்தப் பெண். "இதுல ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி மட்டும் மாட்டிடாதீங்க, கப்புனு நின்னுரும். நீங்க சொன்ன மூணுக்கும் ஏழெட்டு மணி நேரம் வரும்."

கனம் ஒரு காரணம், அவ்வளவுதான். உண்மையில் எனக்குப் பிடித்தது அதன் உயரம். எங்கள் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டில் கச்சிதமாக உட்காரும், மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தெருவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு வீட்டில் ஒரு சாமான் வாங்கினால் தெருவே வாங்கிய மாதிரி. நான் காசு கொடுத்து வாங்கிய ஏணி இப்போது யார் வீட்டில் நிற்கிறது என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு பேருக்குன்னு கணக்குப் போடாத" என்றான் எல்மர். "கரண்ட் போனா நம்ம வீட்ல ரெண்டு பேரா இருப்போம்?"

"கதவ சாத்துனா ரெண்டு பேர்தான்."

சின்னதையே வாங்கினோம். மனம் ஆறட்டும் என்று அவனுக்கு ஒரு கூடாரம் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே புயல் வந்தது. எங்கள் ஊர் சிபுலானை நேராக அடிக்கவில்லை, ஓரமாகத்தான் போனது. ஆனாலும் கம்பங்கள் சாய்ந்து ஊர் முழுக்க இருட்டாகிவிட்டது. இரவெல்லாம் மின்பெட்டி போர்வைக்கடியில் நிம்மதியாகத் தூங்கியது. நானும் தூங்கினேன். மறுநாள் மாலை ஏழு மணிக்கு ஒனோதெரா என்ற பெரியவருக்கு வகுப்பு. அது மூன்றாவதாகத் தவறிப்போகாது என்ற தைரியம்.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மின்பெட்டி முற்றத்துப் பலாமரத்தடியில், மேசை மேல், ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் எல்மர், புதுமாப்பிள்ளை மாதிரி.

"நோங் இப்யாங்குக்குத்தான்" என்றான் என் முகத்தைப் பார்த்ததும். "பையன் கப்பல்ல இருக்கான்ல. புயல் செய்தி கேட்டுட்டு கூப்பிடுவான். போன்ல சார்ஜே இல்லையாம் பாவம்."

எங்கள் பக்கம் அண்ணனை நோங் என்போம், அக்காவை மானாங். நோங் இப்யாங் எதிர்வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கு எப்படி இல்லை என்பது? ஆனால் அவருக்குப் பின்னால் பெட்டிக்கடை மானாங் தெலிங் இரண்டு போனோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வாடகை டிரைசிகிள் ஓட்டுகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ. ஒருத்தி கொசு மட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அட, டீச்சர் வீட்ல இப்படி ஒண்ணு இருக்கா! சொல்லவே இல்லையே?" என்றாள் மானாங் தெலிங்.

"இப்பதான் வாங்குனோம், மானாங்."

"போர்வை நூலு ஒட்டிக்கிட்டிருக்கு பாரு" என்று சொல்லித் தட்டிவிட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வறுத்த வாழைப்பழம், புட்டோ என்கிற அரிசிப் பணியாரம், கருவாடு என்று மதியத்துக்குள் மேசை நிரம்பிவிட்டது. நிரம்ப நிரம்ப, மின்பெட்டியின் எண் இறங்கியது. நான் சத்தம் போட்டு, பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோனபோது ஒன்பது சதவீதம் பாக்கி. எல்மரை அப்போதே விற்றுவிடலாம் போலிருந்தது.

வகுப்புக்கு ஒன்பது போதும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆறரைக்கு மோடத்தை மாட்டினேன். அதில் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. நம் வீட்டில் கரண்ட் இருந்து என்ன செய்ய, கம்பத்தில் இருக்கிற இணையப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே! அந்தக் கடைக்காரப் பெண் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரி, போனிலிருந்து இணையம் எடுக்கலாம் என்று லேப்டாப்பையும் மின்பெட்டியையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். அப்போதுதான் தூறல் ஆரம்பித்தது. எல்மர் ஓடிப்போய்க் கூடாரத்தைக் கொண்டுவந்து மேசைக்கு மேலே கவிழ்த்தான். அன்று அவன் செய்த முதல் உருப்படியான வேலை.

சிக்னல் இருந்தது. ஆனால் இணையம் நகரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆறு ஐம்பது. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க இருட்டில் சின்னச் சின்ன நீல வெளிச்சம். நான் சார்ஜ் போட்டுக் கொடுத்த போன்கள்! ஒருவன் பந்தாட்டம் பார்க்கிறான், ஒருத்தி பாட்டுக் கேட்கிறாள், எல்லாரும் ஊருக்கு இருக்கிற ஒற்றை போன் கோபுரத்தை உறிஞ்சுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் போச்சு" என்றேன் எல்மரிடம். "உன் தாராளத்தால என் வேலை போச்சு."

அவன் வேலி மேல் ஏறி நின்று கத்தினான். வீடியோகே பாடிப் பாடி வளர்த்த தொண்டை. "எல்லாரும் போன ஆஃப் பண்ணுங்க! டீச்சருக்கு வகுப்பு! அரை மணி நேரம்! இல்லேன்னா அவ வேலையும் போகும், என் உயிரும் போகும்!"

தெருவில் சிரிப்புக் கேட்டது. பிறகு நீல வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? மெழுகுவர்த்தியும் ஸ்டூலுமாக எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்கள். வட்டம் ஒரு சுற்று சுற்றி நின்றது. திரையில் ஒனோதெரா பெரியவர் தலை குனிந்து வணங்கினார். மணி ஏழு.

அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். "டீச்சர், கேம்ப் போயிருக்கீங்களா?" என்றார்.

"ஆமா சார். தெருவோட."

"பின்னால இருக்குறது யாரு?"

அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டு ஒவ்வொருவராக அறிமுகம் செய்தேன். பெயர், எந்த வீடு, என்ன வேலை. அவர் திருப்பிச் சொன்னார். மானாங் தெலிங்கின் பெயர் அவர் வாயில் பட்ட பாட்டுக்குத் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஏன் இருட்டு என்று கேட்டார். புயலையும் மின்பெட்டியையும் சொன்னேன். எத்தனை பேர் சார்ஜ் போட்டார்கள் என்று கேட்டார்; எண்ணவில்லை என்றேன்.

அவர் எழுந்து தன் கேமராவைத் திருப்பினார். சுத்தமான அறை. மூலையில், எல்மர் ஆசைப்பட்டதைவிடப் பெரிய பவர் ஸ்டேஷன்.

"பூகம்பத்துக்காக வாங்குனேன்" என்றார். "ரொம்ப நல்ல பெட்டி. எப்பவும் நூறு சதவீதம்." கொஞ்சம் சொல் தேடினார். "எதிர்வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது."

அவர் ஆங்கிலத்தில் திருத்த ஒரு பிழையும் இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டுக்கு அளவு பார்த்துப் பெட்டி வாங்கியவள் நான்.

வகுப்பு முடிந்தது. மின்பெட்டியில் நான்கு சதவீதம். "போன் போட்டுக்கோங்க" என்றேன். வெளிச்சங்கள் திரும்ப வந்தன. நோங் இப்யாங் மட்டும் தன் போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நோங்?"

"மகன் கூப்பிட்டிருக்கான் போல. ரெண்டு தடவை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் அவர் காத்திருந்தார். "நீங்க ஏன் ஆஃப் பண்ணுனீங்க? உங்கள யாரு பண்ணச் சொன்னா?" என்று கத்தியே விட்டேன்.

"எல்லாரையும்னுதானே எல்மர் சொன்னான்" என்றார்.

அவர் போன் மறுபடி அடித்தது. பழைய போன், காலையில் ஏற்றிய சார்ஜ் அதற்குள் தீர்ந்து திரையில் சிவப்புக் கோடு. நான் லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டு அவர் போனை மாட்டினேன். மகன் முகம் வந்தது. நல்லாயிருக்கேன்ப்பா, வீட்டுக் கூரை இருக்கா என்று கேட்டான். தெருவே கூடாரத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பதில் சொன்னது.

எண் மூன்றானது, இரண்டானது. எல்மர் என் காதருகில் வந்து, "லாங்கா, பெருசாவே..." என்று ஆரம்பித்தான்.

"சனிக்கிழமை கடைக்குப் போவோம்" என்றேன். "தூக்குறதுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வா."