எங்கேயும் நிறுத்தாமல்

ஒன்பதாவது பெட்டி மூடிக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தது. டெல்ஃபின் அதன்மேல் ஏறி உட்கார்ந்து தன் எண்பத்தைந்து கிலோவையும் இறக்கினான். அவன் அக்காவின் தோழி லூர்தெஸ் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்து ஒட்டினாள். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கிலிருந்து அக்கா ஃபிலோமினாவை எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு அடக்கம். பதினோரு மணிக்குப் பெட்டிகளை ஏற்ற வண்டி வரும்.

"ஆடாம உக்காரு. நீ பெட்டி கட்டற லட்சணத்துக்கு, உங்கக்கா இருந்திருந்தா உன்னையே உள்ள போட்டு ஒட்டியிருப்பா" என்றாள் லூர்தெஸ்.

ஃபிலோமினா பெட்டி கட்டினால் உள்ளே காற்றுக்குக்கூட இடம் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஷூவுக்குள் சோப்பு, சோப்புக்கு நடுவே பென்சில், பென்சில் இடுக்கில் சாக்பீஸ். ஓரத்தில் துண்டுகளைத் திணிப்பாள். காலி இடம் விட்டால் கப்பலில் பெட்டி நசுங்கும் என்பது அவள் சட்டம். ஆறு பெட்டிகளை அவளே கட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மீதி மூன்றையும் இரண்டு நாளாக, அவள் வீட்டிலேயே, செபமாலை சொல்ல வந்தவர்கள் சொல்லி முடித்த கையோடு கட்டினார்கள்.

டெல்ஃபினின் போன் அதிர்ந்தது. திரையில் அம்மா. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எடேன்டா."

"அப்புறம் பேசறேன்."

"புதன்கிழமையிலேருந்து இதையேதான் சொல்ற. இன்னும் ரெண்டரை மணி நேரத்துல குழிக்குள்ள எறக்கிடுவோம். அப்புறம்னா எப்ப?"

போன் ஓய்ந்தது. ஐம்பது வயது நெருங்கும் ஆள், ராட்சத ஏசி இயந்திரங்களைப் பிரித்து மேய்கிறவன், எழுபத்தாறு வயது அம்மாவின் ஒரு கேள்விக்குப் பயந்து கிடந்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், இதே மனாமாவில், ஃபிலோமினாவின் கணவன் ரூபன் கட்டட வேலையில் விழுந்து செத்தான். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்பது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி கையை விரித்தது. கடைசியில் இங்கேயே கிறிஸ்தவக் கல்லறையில் புதைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஃபிலோமினா கோயில் முற்றத்தில் ஏழு பேரைக் கூட்டினாள். எல்லோரும் தங்கள் தீவு நாட்டில் சான் ரொக்கே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். முன்னாள் மாணவர் சங்கம், பஹ்ரைன் கிளை என்று பெயர் வைத்தாள். கிளை என்றாளே தவிர, மரம் என்று எங்கேயும் ஒன்று கிடையாது. இனி நம் ஊர்க்காரர் ஒருவர்கூட இந்த மணலில் கிடக்கக் கூடாது என்பதுதான் சங்கத்தின் முதல் தீர்மானம். அன்றிலிருந்து பதினான்கு பேரை வீடு சேர்த்தாகிவிட்டது. பள்ளிக்கு வருடா வருடம் பெட்டி அனுப்புவது பிறகு சேர்ந்துகொண்ட வேலை.

அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "என்னை ரூபன் பக்கத்துல போட்டுடுடா."

"என்னக்கா பேசற? அம்மா..."

"அம்மாவுக்கு ஊரே இருக்கு. அவனுக்கு யாரு இருக்கா? பத்தொன்பது வருஷமா தனியாக் கெடக்கறான்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீதான். பயமா இருந்தா பெட்டியை அனுப்பிட்டுச் சொல்லு."

அவள் உயிர் போன அன்று அம்மா போனில் அழவில்லை. "பதினாலு பேரை வீட்டுக்கு அனுப்பினவ. அவளை என்கிட்ட கொண்டு வந்துடு" என்று மட்டும் சொன்னாள். டெல்ஃபின் சரியென்று சொல்லிவிட்டான். வாய் தவறித்தான் சொன்னான். சொன்னது சொன்னதுதானே.

சவக்கிடங்கில் சவப்பெட்டியை மூடும் முன் லூர்தெஸ் குனிந்து ஃபிலோமினாவின் கறுப்பு ஷூவைக் கழற்றினாள். செத்தவர்கள் காலில் ஷூவோடு போனால் வீட்டில் இரவெல்லாம் நடக்கிற சத்தம் கேட்கும் என்பார்கள். ஞாயிறு பூசைக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் போட்ட ஷூ. குதிகால் இன்னும் தேயவில்லை. லூர்தெஸ் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அவளும் ஃபிலோமினாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கண்ணீர் சவப்பெட்டிமேல் விழுந்துவிடாமல் கைக்குட்டையைத் தாடைக்குக் கீழே ஏந்திப் பிடித்திருந்தாள்.

கல்லறையில் அதிக நேரம் ஆகவில்லை. சாமியார் சுருக்கமாக முடித்தார். முப்பது பேர் வெயிலில் நின்று பள்ளிக்கூடப் பாட்டைப் பாடினார்கள். இரண்டாவது சரணம் பாதிப்பேருக்கு மறந்து போயிருந்தது. அந்த இடத்தில் எப்போதும் உரக்கப் பாடித் தூக்கிவிடுகிறவள் கீழே இருந்தாள். ரூபனின் சிலுவைக்கும் புது மண்ணுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. டெல்ஃபின் அதைப் பார்த்தான். அக்கா செய்தது சரி என்று அவனுக்கு அந்த நிமிடத்தில் நிச்சயமாகத் தெரிந்தது. அம்மாவிடம் சொல்வதுதான் இன்னும் பாக்கி.

திரும்பும் வழியில் எல்லோரும் ஹம்ஸாவின் டீக்கடையில் இறங்கினார்கள். சாவு வீட்டிலிருந்தோ கல்லறையிலிருந்தோ நேரே வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். வழியில் ஓரிடத்தில் நின்று உதறிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். பதினான்கு சாவுகளையும் சங்கம் இந்தக் கடையில்தான் உதறியிருக்கிறது. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாகக் கூட்டம் இறங்கினால் கேட்காமலே டீ ஊற்றப் பழகியிருந்தார் அந்த மலையாளத்துக்காரர். இன்றைக்குக் கூட்டத்தில் அவர் கண் யாரையோ தேடியது.

"அக்கா எங்க? எப்பவும் முன்னாடி வந்து சர்க்கரை கம்மின்னு சொல்லுவாங்களே?"

லூர்தெஸ் கல்லறை இருந்த பக்கம் கையைக் காட்டினாள். ஹம்ஸா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்த ரோமி அவர்கள் நாட்டிலேயே வேறொரு தீவான செபுவைச் சேர்ந்தவன். சங்கத்தில் இல்லாவிட்டாலும் எட்டு வருடமாக இந்தப் பெட்டிகளை ஏற்றுகிறவன். மாடிக்கு வந்ததும் மேசைமேல் இருந்த ஃபிலோமினாவின் படத்தையும் மெழுகுவத்தியையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். பெட்டிகளைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"எல்லாத்தையும் இங்க வச்சா கட்டினீங்க?"

"வேற எங்க வச்சுக் கட்டுவாங்க?" என்றாள் லூர்தெஸ்.

"இல்ல, சாவு வீட்டுச் சரக்கு. அதுவும் சின்னப் பசங்களுக்குப் போறது. உதறாம கொண்டு போனா..."

"அது எனக்குத் தெரியாதா? நேரே ஹம்ஸா கடையில நிறுத்து. பின்கதவைத் திறந்து வை. பத்து நிமிஷம் டீ குடி. அப்புறமா துறைமுகத்துக்குப் போ."

டெல்ஃபின் முதல் பெட்டியைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றான். பெட்டியை அனுப்பிட்டுச் சொல்லு. அக்கா என்ன நினைத்துச் சொன்னாளோ தெரியாது. அவனுக்கு இப்போதுதான் அது காதில் விழுந்தது.

"நிறுத்த வேணாம்" என்றான்.

"என்ன வேணாம்?"

"எங்கயும் நிறுத்த வேணாம். ரோமி, நீ இங்கேருந்து கிளம்பினா துறைமுகத்துலதான் நிக்கணும்."

லூர்தெஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நூத்துப் பன்னெண்டு பசங்க தொடற பொருள். சாவை அவங்க தலையில கட்டுறியா?"

"சாவைக் கட்டல. அக்காவை அனுப்பறேன்."

"டெல்ஃபின்!"

"நிறுத்தினாத்தானே எறங்கிப்பா? நிறுத்தலைன்னா பெட்டி கூடவே போவா. பெட்டி எங்க போய் எறங்குது? பள்ளிக்கூடத்துல. பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீடு யாரோடது?"

எதிர் வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் படித்த ஒவ்வொருவரும் அந்த வீட்டுக் கொய்யா மரத்தில் கல் எறிந்து டெல்ஃபினின் அம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான்.

"அப்பப் பசங்களுக்கு ஏதாவது ஆனா?" லூர்தெஸின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா போய்ப் பசங்களை என்ன பண்ணிடுவா? மிஞ்சிப் போனா நகம் வெட்டலைன்னு காதைத் திருகுவா. நோட்டுல முதல் பக்கத்தை ஏன் காலியா விட்டேன்னு கேப்பா. கேக்கட்டுமே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

"ரூபனுக்காகத்தானே இங்க படுத்திருக்கா? அவனை விட்டுட்டு வருவாளா?" என்று கேட்டான் ரோமி. அவனுக்கு நிஜமாகவே சந்தேகம்.

"காலையில இங்க ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன், சாயங்காலம் தையல், வெள்ளிக்கிழமை சங்கம். என்னைக்குடா அவ ஒரு இடத்துல மட்டும் இருந்தா?" என்றான் டெல்ஃபின்.

லூர்தெஸ் மேசையிலிருந்து கத்தியை எடுத்து, காலையில் தானே ஒட்டிய ஒன்பதாவது பெட்டியின் டேப்பைச் சரக்கென்று கீறினாள். மூலையில் திணித்திருந்த துண்டை உருவி எறிந்தாள். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, ஷூவை வெளியே எடுத்து, தூசி இல்லாத அதைப் பாவாடையில் ஒருமுறை துடைத்தாள்.

"அவ்வளவு தூரம் வெறுங்காலோடவா அனுப்பறது?" என்றாள்.

இரண்டு ஷூவும் அந்த மூலையில் சரியாகப் பொருந்தின. காற்றுக்கு இடம் இல்லை. டெல்ஃபின் மறுபடி மேலே ஏறி உட்கார்ந்தான். இந்த முறை பெட்டி அடம் பிடிக்கவில்லை.

ஏற்றி முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஏற்றிய கைகள் சாவு வீட்டிலிருந்து வெளியே வந்த கைகள் ஆயிற்றே. அவர்கள் உதறித்தானே ஆக வேண்டும். ரோமி கயிறு கட்டி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, எல்லோரும் நடந்தே ஹம்ஸா கடைக்குப் போய் நின்றார்கள். டீ வந்தது. டெல்ஃபின் தன் கிளாஸைக் கையில் வாங்கும்போது ரோமியின் வண்டி முனையில் திரும்பியது.

கடைக்கு நேரே வந்ததும் ரோமி பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டி, போ, போ என்றார்கள். லூர்தெஸ் தெருவிலேயே இறங்கி நின்று, "நிறுத்தினே, காலை ஒடிச்சுடுவேன்!" என்று கத்தினாள். வண்டி உறுமிக்கொண்டு கடந்து போனது. சிக்னலும் பச்சையாக இருந்தது.

டெல்ஃபின் போனை எடுத்தான். ஒரே மணியில் அம்மா எடுத்துவிட்டாள்.

"அம்மா, அக்காவை இன்னிக்குக் காலையில அடக்கம் பண்ணிட்டோம். ரூபன் பக்கத்துல. அவதான் அப்படிக் கேட்டா. உன்கிட்ட சரின்னு சொன்னது பொய்."

ஐந்து மணி நேரம் முந்தி ஓடும் ஊரில் அப்போது மாலை நான்கரை. கோழிகள் கேட்டன. ஒரு மோட்டார் ட்ரைசிக்கிள் போகிற ஓசை கேட்டது. டெல்ஃபின் காத்திருந்தான். அவனுக்கு இப்போது பயம் இல்லை.

"உன் பொய் எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அம்மா. "புருஷனைத் தனியா விட்டுட்டு வர்ற பொண்ணையா நான் பெத்தேன்?"

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா கேட்டுப் பாத்தேன்டா. பெத்தவ கேக்காம இருப்பாளா?"

"பெட்டிங்க இப்பத்தான் கிளம்பிச்சும்மா. ஒன்பது. எல்லாம் அக்கா வீட்டுலயே வச்சுக் கட்டினது."

அம்மா, வேறு யாருக்கும் தோன்றாத, அந்த ஊர்க்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வியைக் கேட்டாள்.

"வழியில எங்கயாவது நிறுத்தினாங்களா?"

"இல்லம்மா. எங்கயும் நிறுத்தல."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாப்பத்தஞ்சு நாள். மழை ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடும்."

"சரி" என்றாள் அம்மா.

போனை அவள் வைக்கவில்லை. எங்கோ ஓரமாக வைத்தாள் போலிருக்கிறது. கதவு திறந்தது. மர நாற்காலி ஒன்று சிமெண்டுத் தரையில் இழுபட்டு, வாசல் வரைக்கும் போய் நிற்கிற சத்தம் கேட்டது.