லுவா, லாவா

பேச்சுப் பயிற்சி தரவரும் பெண், சாவிப் படத்தை நீட்டி, "இது என்ன சார்? சா... சொல்லுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. பேசியே பிழைத்த மனிதர். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போய் இரண்டு மாதமாகிறது. இனி வராமலே போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூடத்தில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுத்தவர் அவர். அந்த மொழியில் மேசை, நாற்காலிக்குக்கூட ஆண், பெண் உண்டாம். ஆணுக்கு முன்னால் லு, பெண்ணுக்கு லா. அதை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொன்னால் மனிதருக்குப் பொறுக்காது. "தலையில்லாத முண்டத்தையா கூட்டிட்டு வர்ற? போய் தலையோட வா!" என்பார். "கரண்டியில என்னங்க ஆம்பளை, பொம்பளை?" என்று நான் அடுப்படியிலிருந்து கேலி செய்வேன். நான் அதில் ஓர் எழுத்துகூடப் படித்ததில்லை. கேட்டுக் கேட்டுக் காதில் ஏறியதுதான்.

அந்தப் பெண் போனபின் வீட்டுச் சாவியை எடுத்தேன். எரிச்சலா, ஆற்றாமையா, தெரியவில்லை. சாவி ஆண் என்றுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. அவர் முன்னால் ஆட்டி, "லு க்ளே" என்றேன்.

அவர் புருவம் நெரிந்தது. தப்பாகச் சொன்ன பிள்ளையை முறைக்கும் அதே முறைப்பு.

"லா!" என்றார். "லா... லா க்ளே."

எங்கே இருந்தது இது? தாய்மொழியில் தண்ணீர் கேட்க முடியாத தலைக்குள், சாவி பெண் என்பது மட்டும் அழியாமல் இருந்திருக்கிறதே! அந்தத் துளிச் சொல் முதலில் வந்து, பின்னாலேயே பெயரையும் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டது. கடவுளே, மனித மூளை என்ன மாதிரி இடம்!

பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்.

"லு போர்த்."

"லா போர்த்!" கதவு வந்தது.

"லா லி."

"லு லி!" கட்டிலும் வந்தது. ஒவ்வொரு தப்புக்கும் அவருக்குக் கோபம், எனக்குக் கண்ணீர்.

களைத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நெஞ்சில் கைவைத்து, "லு..." என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"லா..." என்றார். திருத்துகிற குரல் இல்லை அது.

பின்னால் வரவேண்டிய பெயர் வரவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல" என்றேன்.

அவருடைய இடது கை போர்வைமேல் ஊர்ந்து வந்து என் விரல்களைப் பற்றியது. உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது.