அட்டையில் யார் பெயர்

மாலை வகுப்பு மாணவிக்குத் தன் மேலேயே நம்பிக்கை கிடையாது. பேட்டி எடுக்கப் போனால் ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். இந்தமுறை, ஒரு கண்காட்சிக்காக எடுத்த பேட்டிகளில், கோளாறு கருவியில் இல்லை. இரண்டு பதிவுகளும் தெளிவாகவே இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டத்தான் இல்லை.

"என்கிட்ட இருக்கிற பதினோரு அக்கார்டியனும் பாடுதுன்னா, காலமான பெரிய மெக்கானிக் கை வச்சதாலதான். அவர் தங்கச்சி கூடமாட ஒத்தாசை பண்ணும்" என்றது சேகரிப்பாளரின் குரல்.

"அதுல ஏழு நான் சரி பண்ணினது. அண்ணன் முன்னால பேசுவார், நான் உள்ள வேலை பார்ப்பேன்" என்றது அந்த மெக்கானிக்கின் தங்கையின் குரல்.

மறுநாள் அந்தத் துருத்தி வாத்தியங்களின் கண்காட்சி. பக்கத்தில் வைக்கும் அட்டைகளில் பழுது பார்த்தவர் என்று அண்ணன் பெயர் மட்டுமே இருந்தது. அந்த ஏழிலாவது தன் பெயர் வர வேண்டும் என்பது தங்கையின் ஆசை.

சேகரிப்பாளரின் பேச்சை மாணவி தங்கையின் பட்டறையில் அவளுக்குப் போட்டுக் காட்டினாள். கறுப்பு அக்கார்டியனைப் பற்றி அவர் பெருமையடிக்கும் இடம் வந்தது: "லேசா கிலுகிலுன்னு கேக்குதா? பழைய மரம் பேசுது."

தங்கை அரத்தைக் கீழே வைத்தாள். "மரமாவது பேசுறதாவது. அது என் கொண்டை ஊசி. உள்ளே சத்தம் எழுப்புற உலோக நாக்கைத் தூக்கிப் பார்க்க நுனியை வளைச்சு வச்சிருந்தேன். மூடின பிறகுதான் காணோம்னு தெரிஞ்சது. அதுக்குள்ள அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துட்டார். கடைக்குக் கெட்ட பேராகும்னு வாயைத் திறக்கலை."

இருவரும் நேரே சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனார்கள். தங்கை ஊசிக் கதையைச் சொல்லி, கறுப்பு அக்கார்டியனைத் திறந்து காட்டுவதாகச் சொன்னாள்.

"உள்ளே ஒண்ணும் இல்லேன்னா?" என்றார் அவர்.

"என் பேரை எங்கேயும் போட வேண்டாம்."

மாணவி ஒலிப்பதிவுக் கருவியை நான்காவது தடவையாகப் பார்த்துக்கொண்டாள். தங்கை பெட்டியின் ஓரத்துச் சிறு ஆணிகளைக் கழற்றித் துருத்தியைப் பிரித்துச் சாய்த்தாள். மேசைமேல் டிங் என்று விழுந்தது ஒரு கொண்டை ஊசி. நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது.

"அண்ணனோடதா இருக்கக் கூடாதா?" என்றார் சேகரிப்பாளர், விடாக்கண்டனாக.

"சார், அண்ணன் தலையில முடி ஏது?"

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி வழுக்கியது. ஆனாலும் விடவில்லை. "சரி, இது ஒண்ணு. மத்த ஆறு?"

"நான் திரும்பி உக்கார்றேன். கலைச்சுப் போட்டு ஒவ்வொண்ணா வாசிங்க."

அவர் வாசித்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே, "இது அண்ணன் வேலை… இது என்னது, தோல் மாத்தினேன்… இது என்னது, மூணாவது நாக்குப் புதுசு" என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்ன வேலை உள்ளே இருக்கிறதா என்று அவர் திறந்து திறந்து பார்த்தார். மற்ற பத்திலும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசியில் அவரே ஏழு அட்டைகளைக் கிழித்தார்.

மாணவி புதிய அட்டைகளை எழுதினாள். தங்கை ஒன்றை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"'உதவி'ன்னு எங்கேயும் போடலையே?"

"இல்லக்கா. 'சீரமைத்தவர்'னு போட்டிருக்கேன்."

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் பெருசா எழுது."