நம்ம நாட்டிலேயே நீளமான ஆறு

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆகிவிட்டால் நல்லையாவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். போவது என்னவோ கூக்கால் ஏரிக்கு மேலே நிற்கிற ஒரு மொட்டைப் பாறைக்கு. அதில் ஏறினால்தான் போனில் இரண்டு கோடாவது தெரியும். அதனால் அதற்கு டவர்ப்பாறை என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவர் மகள் கலைமணி செண்பகனூரில் ஒரு விடுதியில் தங்கி நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிறு நாலு மணிக்கு மேல் வார்டன் சண்முகவள்ளி பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் போனைக் கொடுப்பார். கலைமணியின் முறை நாலேகாலுக்கும் வரும், ஐந்தரைக்கும் வரும். மூன்று மணிக்கே போய் உட்கார்ந்து என்ன லாபம் என்று கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டும் என்ன லாபம்?

வீடு என்றால் அது ஓர் அறை. கேரட்டும் பூண்டும் போடுகிற தோட்டத்தின் ஓரத்தில், கூலியாட்களுக்கென்று கட்டிவிட்ட வரிசையில் கடைசி அறை. மற்றவர்கள் அதை வீடு என்பார்கள், நல்லையா மட்டும் இன்னும் பழைய தேயிலைத் தோட்டத்து வழக்கப்படி லயம் என்பார். மனைவி சின்னத்தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. வெள்ளனே தோட்டத்துக்குப் போகிற ஆள், பத்து வயதுகூட ஆகாத பெண்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது என்றுதான் ஜூன் மாதம் விடுதியில் சேர்த்தார். சேர்த்துவிட்டு வந்த அன்று இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, தட்டை எடுக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தவறை இப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது செய்கிறார்.

முதல் இரண்டு ஞாயிறும் போன் பேச்சு உருப்படவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளுருதா, இல்ல. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். அப்பனும் மகளும் ஒரே அச்சு. மனசில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவரத் தெரியாத ஜென்மங்கள். மூன்றாம் ஞாயிறும் நாலு நிமிடம் அப்படியே மிச்சம் கிடக்க, வரிசையில் பின்னால் நிற்கிற பிள்ளை சீக்கிரம் சீக்கிரம் என்று முனகுவது நல்லையாவுக்குக் கேட்டது. எங்கே வைத்துவிடப் போகிறாளோ என்று பயந்து, வாயில் வந்ததைக் கேட்டார். சிலந்திக்கு எத்தனை கால்?

எட்டு என்றாள் கலைமணி. குரலில் சிரிப்பு இருந்தது.

அவ்வளவுதான், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வானவில்லுக்கு எத்தனை நிறம், ராத்திரியில் விழித்திருக்கும் பறவை எது, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் மிருகம் எது என்று வாரம் ஐந்து கேள்வி. கேரட் பிடுங்கிக்கொண்டே ஆறு நாளும் யோசித்து வைப்பார். கேள்விக்கு நடுவே மற்றதெல்லாம் தானாக வந்தது. ஆந்தை என்று சொல்லிவிட்டு, விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒன்று கத்துவதையும், அதைக் கேட்டால் தனக்குத் தூக்கம் வராததையும் சொன்னாள். கங்காரு என்று சொன்ன அன்று அம்மாவைப் பற்றிக் கேட்டாள்.

கேள்விகள் எல்லாம் நல்லையா படித்த பள்ளிக்கூடத்துச் சரக்கு. பெரிய படிப்பொன்றுமில்லை, மூன்றாம் வகுப்பு. அதுவும் இங்கே இல்லை, இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில். காலையில் வாத்தியார் கேட்கக் கேட்க நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தக் கரைக்கு வந்த பிறகு படிப்பு ஏது? ஒரு தோட்டம், அதை விட்டால் இன்னொரு தோட்டம். படித்த அந்தக் கொஞ்சம் மட்டும் நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு சொல் உதிராமல் தலைக்குள் கிடந்தது. மகளோடு பேச அதுதான் கைகொடுக்கப் போகிறது என்று அவர் கனவா கண்டார்?

நவம்பர் மாதம் குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு கலைமணி முறையை மாற்றி, அவளே கேட்டாள்.

"அப்பா, ஆறு பத்தியெல்லாம் கேப்பாங்களாம். நம்ம நாட்டிலேயே நீளமான ஆறு எதுப்பா?"

நல்லையா மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"மகாவலி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் தாயி. மகாவலி."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை.

அன்று நல்ல மழை. உரச்சாக்கை மடித்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஆறு மணி வரை பாறையில் உட்கார்ந்திருந்தார். மழைக்கு டவர் படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். அதற்கடுத்த ஞாயிறு வானம் வெளுத்துக் கிடந்தது, போனில் மூன்று கோடு தெரிந்தது. ஐந்தே முக்கால் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே வார்டனைக் கூப்பிட்டார். பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், அப்பாவிடம் பேசுகிறாயா என்று இரண்டு வாரமும் கேட்டாகிவிட்டது, வேண்டாம் என்கிறாள் என்று சண்முகவள்ளி சொன்னார். சொல்லிவிட்டு, பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று ஆறுதலும் சொன்னார்.

நல்லையாவுக்கு அந்த ஆறுதல் காதில் ஏறவில்லை. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற பிள்ளைகளின் அப்பன்மார் காரில் வந்து இறங்குகிறவர்கள், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறவர்கள். சேர்க்கிற அன்று, நகக்கண்ணில் மண்ணோடு தான் அந்த வாசலில் நின்றதை நினைத்துப் பார்த்தார். பிள்ளைக்குத் தன்னை நினைத்தாலே கூச்சமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். ஊரில் இருக்கிற அத்தனை தனிமையையும் தாங்கிக்கொண்டிருந்த மனிதர், இந்த ஒன்றைத் தாங்க முடியாமல் அன்று சாப்பிடாமலே படுத்தார்.

மறுநாள் மேஸ்திரி திருமலைச்சாமியிடம் லீவு கேட்டார். சிலோன்காரருக்கு அப்படி என்ன தலைபோகிற சோலி என்று மேஸ்திரி வழக்கம்போலக் கிண்டல் செய்தார். வழக்கமாகச் சிரிக்கிற நல்லையா அன்று சிரிக்கவில்லை. அதைப் பார்த்து மேஸ்திரியே நாலு கட்டுக் கேரட்டை எடுத்து, பிள்ளைக்குக் கொடு என்று பையில் போட்டுவிட்டார்.

கூக்காலிலிருந்து காலையில் ஒரு பஸ், மத்தியானம் திரும்புவதற்கு ஒரு பஸ். கொடைக்கானலில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து செண்பகனூர் போய்ச் சேரும்போது பதினொரு மணி. பெற்றோர் பார்க்க வருவதற்கு மாதத்தில் ஒரு நாள்தான் உண்டு, இது அந்த நாள் இல்லை. கூக்காலிலிருந்து வருகிறேன் என்று அவர் சொன்னதும், ஆளையும் கேரட் பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வார்டன் பத்து நிமிடம் கொடுத்தார்.

கலைமணி வந்தாள். ஒரு சுற்று வளர்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேரட் தழையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏன் தாயி பேச வேணாம்னுட்ட?"

"போட்டியில தோத்துட்டேன்."

தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது, அதற்காக அப்பாவிடம் பேசாமல் இருப்பார்களா என்று கேட்டார். அதற்கு மேல் அவள் சொன்னதைக் கோத்தெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசி வரை அவளும் சுசித்ரா என்கிற பிள்ளையும் சமமாக நின்றிருக்கிறார்கள். கடைசிக் கேள்வி, நம் நாட்டிலேயே நீளமான ஆறு. டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் இவள் எழுந்து மகாவலி என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். ஹாலே சிரித்திருக்கிறது. தப்பு, உட்கார் என்று டீச்சர் சொல்லியும் இவள் உட்காரவில்லை. எங்க அப்பா சொன்னாரு, எங்க அப்பாவுக்குத் தப்பா வராது என்று நின்றிருக்கிறாள். டீச்சர் மேப்பைக் கொண்டுவந்து கங்கையைக் காட்டினார். பிறகு அவரே கொஞ்சம் யோசித்து, கீழே கடலுக்குள் இருக்கிற தீவைக் காட்டி, மகாவலி இங்கே இருக்கிறது என்றார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் சிலோன்.

"அதுக்காகவா அப்பாகிட்டப் பேசல?"

"இல்ல." கலைமணி தழையை விட்டுவிட்டாள். "பேசினா எந்தக் கேள்வியில தோத்தன்னு கேப்பீங்க. சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்."

"என்னா தெரிஞ்சு போயிரும்?"

"நீங்க சொன்னது தப்புன்னு."

நல்லையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை நினைத்துக் கூசுகிறாள் என்று இவர் வெந்துகொண்டிருக்க, அந்தச் சின்னது அத்தனை சிரிப்பையும் தான் ஒருத்தியாக வாங்கிக்கொண்டு இவருக்குத் தெரியாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தைத் தவிர அவளுக்கும்தான் வேறு என்ன இருக்கிறது? அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு ஞாயிறு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"தப்புத்தான் தாயி," என்றார். "நா அங்க படிச்சது. நம்ம நாடு, நம்ம ஆறுன்னு வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு. நா அத அப்படியே வச்சுக்கிட்டேன். இந்தக் கரைக்கு வந்தப்பறம் ஒருத்தரும் என்னைக் கேக்கல, நானும் மாத்திக்கல."

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவியா என்று கேட்டார். அதற்குள் பெல் அடித்துவிட்டது. கேரட் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஏறும் முன் ரோட்டோரக் கடையில் ஒரு பொது அறிவுப் புத்தகம் வாங்கினார். அட்டையில் கிளிப் படம் போட்ட ஒல்லிப் புத்தகம். ஏற்ற இறக்கத்தில் பஸ் ஆடியதில் எழுத்து எதுவும் நிற்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டுப் போடுகிறார், சின்னத்தாயைப் புதைத்தது இந்த மண்ணில்தான். எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தார். ஒரே ஓர் ஆறு மட்டும் அக்கரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் வாசலில் வெளிச்சம் இருக்கும் வரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நீளமான ஆறு கங்கை. உலகத்திலேயே உயரமான பீடபூமி திபெத். இந்தியாவில் பெரிய பாலைவனம் தார். அந்தக் காலத்தில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சொன்ன மாதிரி சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஒற்றை ஆளாகச் சொல்லும்போது அது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஐந்து கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கங்களின் முனையை மடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே பாறைக்குப் போய்விட்டார். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஐந்து மணிக்கு ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து, கீழே ஊரை மறைத்துவிட்டது. வராது என்று மனசைத் தயார் செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, இன்னிக்கும் நான்தான் கேப்பேன்."

"கேளு தாயி."

"நம்ம நாட்டிலேயே நீளமான ஆறு எது?"

"கங்கை."

"சரி." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க நாட்டுல?"

மேஸ்திரி முதல் டீக்கடைக்காரர் வரை ஊரே அவரைச் சிலோன்காரர் என்கிறது. அதற்கெல்லாம் சிரித்துப் பழகிவிட்டது. இதற்குச் சிரிக்க முடியவில்லை. குழந்தை மனசில் எந்தக் கல்மிஷமும் இல்லை. அப்பாவின் பதிலுக்கும் எங்காவது ஓர் இடம் வேண்டுமே என்று யோசித்து, டீச்சர் மேப்பில் காட்டிய தீவை அவளாகவே அதற்குக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் இதுதான் தாயி நாடு என்று சொல்ல நினைத்தார். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அந்தப் பக்கம் அடுத்த பிள்ளை சீக்கிரம் என்று முனக ஆரம்பித்தது.

"மகாவலி," என்றார்.

"அதுவும் சரிப்பா," என்றாள் கலைமணி. "ரெண்டுக்கு ரெண்டு. அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க கேளுங்க."

போன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். மடித்து வைத்த பக்கங்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார், பிறகு அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று திரும்பவும் மடித்தார். அவள் இனி ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவாள், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. பனிக்குள் தடம் பார்த்து இறங்கி வந்து, அறையைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்தார். அன்று மறக்காமல் ஓர் ஆளுக்கு மட்டும் அரிசி போட்டார்.